மலிவு விலை சிம்மும் அலமாரியில் பூட்டிய எண்ணும்

கோடை விடுமுறை நெருங்கும் மாதங்களில் எங்கள் கிளையின் அந்நியச் செலாவணி முகப்பில் கூட்டம் கூடும். பயண அட்டை, கையில் சிறிது டாலர் அல்லது யூரோ, கடவுச்சீட்டின் நகல் என எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: “அங்கே போனால் போனுக்கு எந்த சிம் வாங்குவது?” இது வங்கியின் வேலை அன்று என்று புன்னகைத்து அனுப்பிவிடலாம். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் அனுப்பினோம்.

அந்தப் பழக்கத்தை மாற்றியது ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மகளின் பிரசவத்துக்கு உதவியாக மனைவியுடன் அமெரிக்கா சென்றிருந்தார். ஆறு மாதத் தங்கல். புறப்படுமுன் முகவர் ஒருவரிடம் மலிவான டேட்டா சிம் ஒன்றை வாங்கினார். “பழைய சிம்மைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள், அங்கே போட்டால் பில் எகிறிவிடும்” என்று முகவர் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் ஒழுங்குக்குப் பெயர்போனவர். சிம்மைச் சிறு உறையில் இட்டு, வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியையும் கையோடு கொண்டுபோய்விட்டார். இரண்டாம் மாதம் ஊரில் அவருடைய இளைய சகோதரருக்கு மாரடைப்பு. மருத்துவமனை முன்பணம் கேட்டது. ஆசிரியரின் சேமிப்புக் கணக்கில் அதைப்போல் மூன்று மடங்கு பணம் இருந்தது. இணைய வங்கியில் நுழைந்து, சகோதரர் மகனின் கணக்கு எண்ணைச் சரிபார்த்துப் பதிந்து, கடைசிப் படிக்கு வந்தார். திரை ஓடிபி கேட்டது. அதைப் பெற வேண்டிய சிம் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது.

அங்கே நள்ளிரவு. அவர் எங்களை அழைத்தார். “என் குரல் உங்களுக்குத் தெரியாதா தம்பி?” என்று கேட்டார். தெரியும், இருபது ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் குரலை நம்பிப் பணம் அனுப்பத் தொடங்கினால், நாளை அதே குரலில் பேசத் தெரிந்த மோசடிக்காரனுக்கும் அனுப்ப வேண்டிவரும். “முடியாது சார்” என்று சொன்னோம். சகோதரரின் மனைவி வளையல்களை அடகு வைத்து முன்பணத்தைக் கட்டினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். சிம்மில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய்க்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையை எண்ணிப் பார்த்தபோது, இந்தக் கேள்விக்கு விடை சொல்வது வங்கியின் வேலையும்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலிவான வெளிநாட்டு டேட்டா சிம்மை நாங்கள் எதிர்க்கவில்லை. பெரும்பாலான பயணங்களுக்கு அதுவே சிக்கனமான வழி. ஆனால் அது உங்கள் இந்திய எண்ணுக்குத் துணையாக இருக்க வேண்டுமேயன்றி மாற்றாக இருக்கலாகாது. இரண்டையும் உயிரோடு வைத்திருக்க ஆகும் மொத்தச் செலவே உண்மையான விலை. விளம்பரத்தில் காணும் ஜிபி கணக்கு அதில் ஒரு பாதி மட்டுமே.

சந்தையில் கிடைப்பவற்றை ஒருமுறை பார்ப்போம். நம் இந்திய நிறுவனமே தரும் ரோமிங் திட்டம் ஒன்று. போய் இறங்கிய நாட்டில் வாங்கும் உள்ளூர் சிம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, பல நாடுகளில் செல்லும் என்று இங்கிருந்தே விற்கப்படும் பயண சிம்மும், அட்டையே இல்லாமல் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து போனுக்குள் இறக்கிக்கொள்ளும் இ-சிம்மும் வந்திருக்கின்றன. விலையில் இவையே பெரும்பாலும் கவர்ச்சியானவை. கவர்ச்சிக்குக் காரணம் எளிது: இவற்றில் பல டேட்டாவுக்கு மட்டுமே உரியவை. அவற்றுக்குத் தொலைபேசி எண் கிடையாது. எனவே குறுஞ்செய்தியும் வராது. ஜப்பானில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் சிம்களில் பெரும்பாலானவை இத்தகையவையே. பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப் தொடர்ந்து இயங்குவதால், எண் இல்லாத குறை பயணிக்கு முதலில் புலப்படுவதில்லை. வங்கி ஓடிபி அனுப்பும் நாளில்தான் அது தெரியவருகிறது.

விலையை ஒப்பிடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து நாள் பயணத்துக்கு ரோமிங் திட்டம் ரூ.3,000 என்றும், 3 ஜிபி கொண்ட பயண இ-சிம் ரூ.800 என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு ரூ.2,200. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வர் சென்றால் அது ரூ.8,800. சிறிய தொகை அன்று. அதே பயணம் நான்கு நாள் அலுவல் பயணமாக இருந்து, இந்தியாவிலிருந்து அழைப்புகள் வந்தவண்ணம் இருக்கும் என்றால், ரோமிங் திட்டத்தின் விலையே நியாயமாகிவிடும். அதில் அழைப்பும் குறுஞ்செய்தியும் ஒரே எண்ணில் வருகின்றன. குடும்பமாகச் செல்வோருக்கு நாங்கள் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு: வங்கிக் கணக்கை இயக்குபவர் மட்டும் ரோமிங் திட்டம் எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு மலிவு சிம் போதும்.

3 ஜிபி என்பது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். வழி காட்டும் வரைபடத்துக்கும் செய்திப் பரிமாற்றத்துக்கும் அது தாராளம். உயர்தரத்தில் ஒரு திரைப்படம் பார்த்தால் ஒரு மணிநேரத்திலேயே அத்தனையும் தீர்ந்துவிடக்கூடும். எடுக்கும் புகைப்படங்களை எல்லாம் போன் தானாக இணையத்தில் சேமிக்கும் வசதி மறைவாக டேட்டாவைத் தின்னும். விமானம் ஏறுமுன் அதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிட வேண்டும். ‘அளவற்ற டேட்டா’ என்ற சொல்லைக் கண்டால் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்பைத் தாண்டியதும் வேகம் நத்தை நடையாகிவிடும் திட்டங்களே பல.

‘ஐரோப்பா சிம்’ என்ற பெயரும் எச்சரிக்கைக்குரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், ஓர் உறுப்பு நாட்டில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இந்த ஏற்பாடு 2032 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பாரிஸில் வாங்கிய சிம் ரோமிலும் அதே விலையில் பேசும். ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை, பிரிட்டனும் வெளியேறிவிட்டது. நம் நாட்டிலிருந்து புறப்படும் ஐரோப்பியச் சுற்றுலாக்களில் பல, லண்டனில் தொடங்கிச் சுவிட்சர்லாந்தின் பனிமலை வழியாகச் செல்பவையே. சிம் வாங்குமுன் நாடுகளின் பட்டியலில் இவ்விரு பெயர்களையும் தேடிப் பார்த்துவிடுங்கள். சொகுசுக் கப்பல் பயணம் செல்வோருக்கு இன்னொரு சொல்: நடுக்கடலில் போன் பற்றிக்கொள்வது கப்பலின் செயற்கைக்கோள் வலைப்பின்னலை. பொதுவான ரோமிங் திட்டங்கள் பலவும் அதை உள்ளடக்குவதில்லை, கட்டணமோ கடுமையானது. கப்பலில் ஏறியதும் விமானப் பயன்முறையை இயக்கிவிடுவதே நல்லது.

பல நாடுகளுக்கான மலிவு சிம்களில் இன்னும் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். நீங்கள் இருப்பது ஒரு நாடாகவும், உங்கள் டேட்டா இணையத்தில் வெளிவரும் வாயில் வேறொரு நாடாகவும் இருக்கலாம். பாரிஸில் அமர்ந்து வங்கிச் செயலியைத் திறப்பவர், எங்கள் கணினிக்கு ஹாங்காங்கிலிருந்து வருபவராகத் தோன்றக்கூடும். பாதுகாப்பு அமைப்பு ஐயுற்றுக் கூடுதல் சரிபார்ப்பைக் கேட்கும்; அந்தச் சரிபார்ப்பும் பெரும்பாலும் இந்திய எண்ணுக்கே வரும்.

எனவே இந்திய எண்ணுக்கு வருவோம். இரு சிம் வசதியுள்ள போனில் பழைய சிம்மைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. புறப்படுமுன் அதில் சர்வதேச ரோமிங் வசதியை இயக்கச் செய்யுங்கள். திட்டம் எடுப்பது வேறு, வசதியை இயக்குவது வேறு. வெளிநாட்டில் இருக்கையில் வரும் குறுஞ்செய்திக்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை என்றாலும், உங்கள் திட்டத்தில் அப்படித்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே இறங்கியதும் இந்திய சிம் இயங்கட்டும்; ஆனால் அதன் டேட்டா ரோமிங் அணைக்கப்பட்டிருக்கட்டும். டேட்டாவுக்கு உரியது வெளிநாட்டு சிம் என்று அமைப்பில் தெரிவு செய்யுங்கள். ஒரு சிம்மில் இணைப்புக் குறைந்தால் தானாக மற்றொரு சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் வசதி பல போன்களில் உண்டு. அதையும் அணைக்க வேண்டும். எதிர்பாராத பில்லுக்கு அது ஒரு காரணமாகிவிடும். இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் நிமிடக் கணக்கில் கட்டணம். அதை எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திருப்பி அழைப்பது சிக்கனம்.

நம் வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் பதிவுபெற்ற சிம்மோடு பிணைக்கப்பட்டவை. சிம்மைக் கழற்றினாலோ புதிய போனுக்கு மாறினாலோ மறுபடி பதிவு செய்யச் சொல்லும். அந்தப் பதிவுக்கு உங்கள் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே செல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து அதை அனுப்ப ரோமிங் இருப்பும் வேண்டும். ஆகவே பயணத்துக்கு என்று புதுப் போன் வாங்குவோர், இந்த வேலையை இங்கேயே முடித்துவிட்டுச் செல்வது நலம். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய போனாக இருந்தால், அது அங்குள்ள ஒரு நிறுவனத்தோடு பூட்டப்பட்டதா என்றும் பாருங்கள். பூட்டிய போன் வேறு சிம்மை ஏற்காது. பெரியவர்கள் விரும்பும் பழைய பொத்தான் போனையும் நம்பிச் செல்ல முடியாது. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை 2022-இல் நிறுத்திவிட்டன.

இதுவரை சொன்னது சில வாரப் பயணத்துக்கு. எங்களுக்கு அதிகக் கவலை தருபவர்கள் ஆசிரியரைப் போல ஐந்து ஆறு மாதம் தங்கச் செல்லும் பெற்றோரும், படிக்கச் செல்லும் மாணவர்களும்தான். முன்கட்டணத் திட்டம் காலாவதியான சில நாட்களில் உள்வரும் சேவையும் நின்றுவிடும். 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நிறுவனம் எண்ணைச் செயலிழக்கச் செய்யலாம். செயலிழந்த எண், மேலும் 90 நாட்கள் கழிந்தபின் முன்பின் அறியாத ஒருவருக்கு ஒதுக்கப்படலாம். இது பிழையன்று, எண்கள் மறுசுழற்சி செய்யப்படுவது உலக வழக்கம். ஆனால் வங்கிப் பதிவில் அந்த எண் இன்னும் உங்களுடையதாகவே இருந்தால், உங்கள் கணக்கின் ஓடிபி புதியவரின் போனில் ஒலிக்கும். வங்கிகள் கைவிடப்பட்ட எண்களின் பட்டியலைப் பெற்று யுபிஐ பதிவுகளைத் திருத்த வேண்டும் என்ற ஏற்பாடு 2025 முதல் நடைமுறையில் உள்ளது என்றாலும், உரிமையாளரின் கவனத்துக்கு அது ஈடாகாது.

இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. டேட்டா வேண்டாத வாடிக்கையாளர்களுக்கெனக் குரலழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி வகுத்தது. அவற்றின் செல்லுபடிக் காலம் 365 நாட்கள் வரை இருக்கலாம். நீண்ட நாள் தங்கச் செல்லும் பெற்றோருக்கு, இத்தகைய ஓராண்டுத் திட்டத்தை இந்திய எண்ணில் போட்டுவிட்டு, அங்கே உள்ளூர் சிம் வாங்கித் தருவதே எங்கள் பரிந்துரை. அந்த நீண்ட காலத்துக்குப் பயண சிம் எந்தக் கணக்கிலும் மலிவாகாது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்று வெளிநாடு வாழ் இந்தியர் என்ற நிலையை அடைந்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் வழி திறக்கப்பட்டது. அதைச் செய்துகொண்டவர்கள் இந்திய எண்ணைச் சுமந்து திரிய வேண்டிய கட்டாயம் பெருமளவு குறைகிறது.

எல்லாப் பொறுப்பையும் வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்டு நாங்கள் கைகழுவுவது முறையாகாது. இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்துகையில் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. பல நாடுகள் அதற்குப் பின்னரே அந்தப் பாதைக்கு வந்தன; நம் மக்களின் பணத்தைக் காத்த விதி அது. ஆயினும் வங்கிகளாகிய நாங்கள் காலப்போக்கில் எளிய வழியான குறுஞ்செய்தி ஓடிபியிலேயே சாய்ந்துவிட்டோம். ஒரு மனிதரின் ஆயுட்காலச் சேமிப்பு நகத்தளவுத் தகடொன்றில் தொங்குகிறது. ஓடிபி ஒன்றே வழியன்று என்பதைத் தெளிவாக்கி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. செயலி வழி ஒப்புதல், கைரேகை போன்றவை பரவலாகும்போது அலமாரிக்குள் பூட்டிய சிம் இவ்வளவு துன்பம் தராது. உங்கள் வங்கியில் இப்போதே இத்தகைய மாற்று வழி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் புறப்படுமுன் அதைப் பதிந்து, ஒருமுறை சோதித்தும் பாருங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் சிம்மை இந்தியாவில் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி இ-சிம் விற்ற இரு வெளிநாட்டு நிறுவனங்களின் செயலிகளையும் இணையதளங்களையும் முடக்க 2024 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. உரிய விற்பனையாளர் கடவுச்சீட்டின் நகல் கேட்பார். அதில் ஐயுறத் தேவையில்லை. சவூதி அரேபியாவில் உம்ரா செல்பவர் உள்ளூர் சிம் வாங்கினால் கைரேகையும் பதிய வேண்டும். ஆனால் சிம் விற்பவர் உங்கள் வங்கி ஓடிபியைக் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். “உங்கள் எண்ணை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வரும் செய்தியை எங்களுக்கு அனுப்புங்கள்” என்று போனில் பேசுபவர் விற்பனையாளரே அல்லர்; உங்கள் எண்ணைத் தன் போனுக்கு இழுத்துக்கொள்ள முயல்பவர். அவ்வாறு கேட்டு நீங்களே ஓடிபியைக் கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு உங்களுடையதே என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாவது ஒருவரால் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு உங்கள்மீது விழாது என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. இந்த மூன்று நாள் கணக்கில்தான் வங்கியின் எச்சரிக்கைச் செய்தி உங்களை வந்தடைவது முக்கியமாகிறது. அதைக் கொண்டுவருவதும் இந்திய எண்ணே.

ஆசிரியர் தம்பதியர் ஊர் திரும்பியபின் எங்கள் கிளைக்கு வந்தார்கள். கணக்கில் மகனையும் கூட்டு உரிமையாளராகச் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கலாம் என்று மாற்றிக்கொண்டார்கள். வாரிசாக நியமிக்கப்பட்டவர் கணக்கை இயக்க முடியாது என்பது அவர்களுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அன்றே இயக்கிக்கொண்டார்கள். 2020-ஆம் ஆண்டு விதிப்படி புதிய அட்டைகளில் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அம்மையார்தான் கடைசியாக ஒன்று கேட்டார்: அன்றிரவு முதலில் அட்டையின் பின்புறம் இருந்த 1800 எண்ணை எத்தனையோ முறை அழைத்தும் ஏன் இணைப்பே கிடைக்கவில்லை? கட்டணமில்லா எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் இயங்குவதில்லை. அதற்கென நாட்டுக் குறியீடு 91 உடன் தொடங்கும் வேறோர் எண்ணை வங்கிகள் தம் இணையதளத்தில் தருகின்றன. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதை மடித்துக் கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்துக்கொண்டார்.